சொத்து வேலைக்கு அலைந்தவர் பணம் வாங்கலாமா?

அப்பாவின் பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும் அண்ணன் புனேவுக்கு ரயில் ஏறினார், தங்கச்சி சென்னைக்குப் பஸ் ஏறினாள். "நீதான் கும்பகோணத்திலயே இருக்கே, பார்த்துக்கம்மா." ஆறு மா நஞ்சை, ஓட்டு வீடு, தபால் ஆபீஸ் டெபாசிட், இரண்டு பேங்க் கணக்கு. வாரிசுச் சான்றிதழில் தொடங்கிப் பட்டா மாறி முடிய பதினான்கு மாதம்.

கடைசியில் அண்ணன் "ஐம்பதாயிரம் எடுத்துக்கோ" என்றார். தங்கச்சி வாயே திறக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றேன். வாங்கியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றும். முதல் நாளே பேசாதது என் தப்பு.

ஆகவே ஒரு தாளைத் தொடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். கைச்செலவு வேறு, உழைப்புக்கான பணம் வேறு.

கைச்செலவை வாங்கக் கூச்சமே வேண்டாம். ஒரு நோட்டுப் போட்டு வில்லங்கச் சான்று, நோட்டரி, ஜெராக்ஸ், பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். ஞாயிறுதோறும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள். நான் எட்டாவது மாதம்தான் எழுத ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் செலவழித்தது போனது போனதுதான்.

அப்புறம் உழைப்புக்கான பணம். கூலி என்றால் குத்தும். அலைச்சல் பணம் என்று சொல்லிக்கொள்ளுங்கள். உயில் இல்லாத வீட்டில், ஓடியாடினவர் என்பதற்காகச் சட்டம் உங்களுக்குப் பங்கைக் கூட்டித் தராது. மற்ற வாரிசுகள் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. சதவீதமாகக் கேட்காதீர்கள், நிலத்துக்கு என்ன விலை போடுவது என்று அதற்கொரு சண்டை வரும். ஒரே தொகையாகச் சொல்லுங்கள். பொதுப் பணத்திலிருந்து எடுத்தால் உங்கள் பங்கும் குறையும் என்பதை மறக்க வேண்டாம்: மூன்று பேருக்குச் சம பங்கு என்றால், 60,000 ரூபாயில் 20,000 உங்களுடையதே. இதை எடுத்துச் சொன்னால் எதிரே இருப்பவர் முகமும் கொஞ்சம் இளகும். பேசியதை எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

பேங்கில் நாமினி நீங்கள்தான் என்பதால் அந்தப் பணம் உங்களுடையது ஆகிவிடாது. அதிலிருந்து நீங்களாகக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தால், அடுத்த பொங்கலுக்கு யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள்.

உயிலில் உங்களை நிறைவேற்றுபவராகப் போட்டிருந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 309ஆம் பிரிவைப் பாருங்கள். இறந்தவர் சொத்துகளை நிர்வகிக்கும் அரசு அதிகாரியான அட்மினிஸ்ட்ரேட்டர் ஜெனரலுக்கு வைத்திருக்கும் விகிதத்துக்கு மேல் நிறைவேற்றுபவர் கமிஷன் எடுக்க முடியாது.

வரியையும் யோசியுங்கள். பங்காக வரும் சொத்துக்கு வருமான வரி இல்லை. வேலைக்கென்று வாங்கும் பணம் வருமானம், அதை ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

எங்கள் அம்மா முன்னாலேயே போய்விட்டார். உங்கள் வீட்டில் அம்மா இருந்து, இந்தப் பணம் அவர் பங்கையும் குறைக்கும் என்றால் வாங்காதீர்கள். சட்டம் என்ன சொன்னாலும் சரி.

போன வருஷம், பிள்ளை இல்லாத பெரியம்மா உயில் எழுதக் கூப்பிட்டார். வேலை என் தலையில்தான் விழும் என்று தெரியும். "எனக்கு எவ்வளவுன்னு அதிலேயே எழுதிடுங்க பெரியம்மா" என்றேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒரு லட்சம் போதுமாடி?"