நீச்சல் குளம் போட்டுவிட்டு லிஃப்டைக் கோட்டைவிடுவது

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்ட விளக்கக் கூட்டம். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் திரையில் காட்டினார்: எட்டாவது மாடியில் நீச்சல் குளம், செயற்கை அருவி, கண்ணாடி ஜிம், மேலே பெரிய எழுத்தில் 'குடியிருப்போர் நலன்'. பதினைந்து வருடத்துக்கு முன் நான் காட்டிய அதே படம். இப்படித் திட்டம் போடும் நாம் செய்யும் தவறுகளில் கூரை ஒழுகல், சாக்கடை அடைப்பு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள். மற்றவற்றைச் சொல்கிறேன்.

பத்தாவது வருடத்துச் செலவைக் கணக்கில் எடுக்காதது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். நடுத்தர விலை வீடுகளுக்கு நாங்கள் இரண்டு குளம் போட்டோம், சீக்கிரம் விற்க வேண்டும் என்று பராமரிப்புக் கட்டணத்தையும் குறைவாகவே சொன்னோம். மலேசியாவின் 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டப்படி, சாவி கொடுத்து 12 மாதத்துக்குள் ஜேஎம்பி (கட்டியவரும் வீடு வாங்கியவர்களும் சேர்ந்த நிர்வாக அமைப்பு) அமைக்க முதல் கூட்டம் கூட்ட வேண்டும். கூட்டினோம். கணக்கைப் பார்த்ததும், "எனக்கு நீச்சலே தெரியாது, நான் ஏன் கட்டணும்?" என்றார் ஒரு அங்கிள். கட்டணம் ஏறியது, ஏற ஏற ஒவ்வொருவராகக் கட்டாமல் விட்டார்கள். பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு நிதியே கட்டணத்தில் 10% தான். கட்டணம் வராதபோது அது மட்டும் எங்கிருந்து வரும்? லிஃப்ட் நின்றது, உதிரிப் பாகம் வாங்கக் காசில்லை, பதினான்காவது மாடியில் இருந்த ஒரு பாட்டி வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். கீழே குளத்தில் பாசி பிடித்து கொசு மொய்த்தது, அப்புறம் டிங்கிக் காய்ச்சல் பயம் வேறு. தாமதக் கட்டணத்துக்கு வருடம் 10% வரை வட்டி போடலாம்தான், ஆனால் வட்டி போட்டால் பாட்டியால் கீழே இறங்கிவிட முடியுமா?

அதனால் படம் வரையும் முன்பே, கட்டடம் பராமரிக்கிற ஆளோடு உட்காருங்கள். பம்பும் லிஃப்ட் கயிறும் மாற்ற வேண்டிய வருடத்தில் ஒரு வீட்டுக்கு மாதம் எத்தனை வெள்ளி (ரிங்கிட்) வரும் என்று கேட்டு, அதை வாங்குபவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். கைக்கு எட்டாத தொகை என்றால் குளத்தை அழியுங்கள், எல்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரை போட்ட நடைபாதை போடுங்கள்.

பொது மண்டபத்தை மாடியில் வைப்பது

அட்டை தட்டினால்தான் கதவு திறக்கும் என்றால் பக்கத்துக் குடியிருப்பு ஆட்கள் எப்படி உள்ளே வருவார்கள்? தரைத்தளம்தான், வேறு பேச்சே இல்லை.

அஞ்சடியை (கடை முன்னால் கூரைக்குக் கீழே உள்ள நடைபாதையை) அடைப்பது

அடைக்காதீர்கள்.

வீடு கொடுத்தால் முடிந்தது என்று நினைப்பது

2009-இல் பினாங்கில் கம்போங் புவா பாலா என்ற கிராமத்தை இடித்தார்கள். மாடு வளர்த்த குடும்பங்கள் வாழ்ந்த இடம் அது. மாற்று வீடு எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் மாட்டை எங்கே கட்டுவது? அந்த இடத்தில் யார் என்ன தொழில் செய்கிறார்கள் என்று வரைபடத்துக்கு முன்பே ஒரு நாள் நடந்து பார்த்துக் கேட்டுவிடுங்கள். நான் அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். குறிப்பெடுத்துக்கொண்டார், அருவியை மட்டும் அழிக்கவில்லை.