காண்டசாவின் டேஷ்போர்டைக் கழற்றி மாட்டுதல்

ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் இறங்கும் செங்கோட்டையில், 1984 முதல் உற்பத்தியான காண்டசா போன்ற பழைய கார்களின் டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறிவிடுவதால், அதைக் கழற்றித் துடைக்க வேண்டிவரும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஒவ்வொரு ஒயருக்கும் எண் எழுதிய துணிநாடாவை ஒட்டுங்கள். மீட்டர் பெட்டியை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பின்னாலிருந்து ஸ்பீடோமீட்டர் கேபிளை விடுவித்த பிறகே அது முன்னே வரும். ஸ்குரூக்களைக் கழற்றிய வரிசையில் இட்லித் தட்டின் குழிகளில் போட்டுவைப்பது என் வழக்கம், வீட்டில் திட்டு விழுந்தாலும். மாட்டும்போது எல்லா ஸ்குரூக்களையும் கையால் பாதிவரை திருகி, பேட்டரியை இணைத்து, விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர் மூன்றும் இயங்குவதைப் பார்த்த பின்னரே முழுதாக இறுக்குங்கள். முதுமையில் மொறுமொறுத்த பிளாஸ்டிக், ஓர் ஓரத்தை மட்டும் இறுக்கினால் விரிசல் விடும்.