இஎஸ்பி32 பல்ஸ் ஆக்சிமீட்டரின் புளூடூத் இணைப்பைப் பூட்டுவது எப்படி?

2016-இல் ஒன்டச் பிங் இன்சுலின் பம்ப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டைகளை ஆய்வாளர் ஜே ராட்கிளிஃப் வெளியிட்டார். அவரே ஒரு நீரிழிவு நோயாளி. ரிமோட்டிலிருந்து பம்ப்புக்குப் போன ரேடியோ செய்தியில் என்கிரிப்ஷன் (பிறர் படிக்க முடியாதபடி மறைப்பது) இல்லை. பழைய கட்டளையைப் பதிவு செய்து மறுபடி அனுப்பினாலும் பம்ப் அதை ஏற்றுக்கொண்டது. நம் அளவீட்டை வேறொருவர் பார்ப்பது மோசம்தான். ஆனால் நம் பெயரில் வேறொருவர் கட்டளை அனுப்புவது உயிரோடு விளையாடுவது. அதனால் இங்கே முதல் கவலை, எதிர்முனையில் இருப்பது யார் என்பதுதான்.

இஎஸ்பி32 என்ற சின்ன கணிப்பலகை, ஆக்சிஜன் அளக்கும் மேக்ஸ்30102 சென்சார், சின்ன ஓஎல்இடி திரை, ஆர்டுயினோவில் நிம்பிள் (NimBLE) என்ற புளூடூத் லைப்ரரி. இவற்றை வைத்து இரத்த ஆக்சிஜன் அளவைக் கைபேசிக்கு அனுப்பும் நிரல் உங்களிடம் ஏற்கெனவே ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். இது கற்றுக்கொள்வதற்கான கருவி, சிகிச்சைக்கு நம்ப வேண்டாம்.

படி 1. வேறொரு கைபேசியில் புளூடூத் கருவிகளைச் சோதிக்கும் என்ஆர்எஃப் கனெக்ட் (nRF Connect) செயலியைப் போட்டு உங்கள் கருவியோடு இணையுங்கள். எதுவும் கேட்காமலே அளவு தெரிகிறதா? அப்படியென்றால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

படி 2. செக்யூரிட்டி அமைப்பில் பாண்டிங் (இணைந்த கருவியை நினைவில் வைப்பது), எம்ஐடிஎம் (MITM, நடுவில் புகுபவரைத் தடுப்பது), செக்யூர் கனெக்‌ஷன்ஸ் மூன்றுக்கும் ட்ரூ கொடுங்கள். கடைசியாகச் சொன்னது வலுவான பேரிங் முறை (பேரிங் என்பது இரு கருவிகள் முதன்முறை சாவி பரிமாறி அறிமுகமாவது), புளூடூத் 4.2-இல் வந்தது. உள்ளீடு-வெளியீட்டுத் திறனை ‘டிஸ்ப்ளே ஒன்லி’ என்று வையுங்கள். இதை விட்டுவிட்டால் இணைப்பு ‘ஜஸ்ட் வொர்க்ஸ்’ முறைக்குப் போய்விடும். அதிலும் தரவு என்கிரிப்ட் ஆகும், ஆனால் யாரோடு பேசுகிறோம் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

படி 3. பலரும் சறுக்கும் இடம் இது. பாஸ்கீ என்பது பேரிங்கின்போது கருவி திரையில் காட்ட, பயனர் கைபேசியில் தட்டும் ஆறு இலக்க எண். மாதிரி நிரலில் இருக்கும் 123456 என்ற பாஸ்கீயை அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறொரு எண்ணை நிரந்தரமாக எழுதி வைத்தாலும் பயனில்லை. பாஸ்கீயை இரண்டு முனைகளும் 20 சுற்றுகளில், சுற்றுக்கு ஒரு பிட்டாகச் சரிபார்க்கின்றன. ஒரு பேரிங் முழுவதையும் ஒட்டுக்கேட்டவர் அந்த எண்ணைக் கணக்கிட்டுவிடலாம். எண் மாறாவிட்டால் அடுத்த பேரிங்கில் அவரே நடுவில் புகுந்துவிடுவார். ஆகவே பேரிங் ஒவ்வொன்றுக்கும் இஎஸ்பி32-இன் எண் உருவாக்கியான esp_random() மூலம் புது எண் எடுத்துத் திரையில் காட்டுங்கள். எப்போதும் ஆறு இலக்கமாக, முன்னால் வரும் பூஜ்யங்களோடு காட்ட வேண்டும். இல்லையென்றால் பயனர் குழம்புவார்.

படி 4. இதுவரை செய்தது வாசல் மட்டும். அளவைத் தாங்கும் கேரக்டரிஸ்டிக்கில் (கைபேசி படிக்கும் தரவுப் புலம்) ‘ரீட் என்க்’ (என்கிரிப்ட் ஆன இணைப்புக்கு மட்டும்), ‘ரீட் ஆதன்’ (ஆள் சரிபார்க்கப்பட்ட இணைப்புக்கு மட்டும்) இரண்டையும் சேர்க்காவிட்டால், பேரிங் செய்யாதவரும் படிப்பார். கைபேசியிலிருந்து எச்சரிக்கை அளவை மாற்றும் வசதி இருந்தால் எழுதுவதற்கும் இதே பூட்டுப் போடுங்கள். வரும் எண் நியாயமான வரம்புக்குள் இருக்கிறதா என்பதைக் கருவியே பார்க்கட்டும், செயலியை நம்பி விட வேண்டாம்.

படி 5. பழைய பாண்டிங்கை இரண்டு பக்கமும் அழித்துவிட்டு, முதல் படியில் எடுத்த அதே கைபேசியில் மறுபடி இணையுங்கள். பாஸ்கீ கேட்கும்போது வேண்டுமென்றே தப்பான எண்ணைக் கொடுங்கள். அப்புறம் அளவைப் படிக்கவும், நோட்டிஃபிகேஷனை (அளவு மாறும்போது கருவி தானே அனுப்புவது) இயக்கவும் முயலுங்கள். இரண்டு வழியிலும் அளவு வரக் கூடாது. அளவு தெரிந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள்.