டம்ளர் ஓசைக்கு நாயைப் பழக்குவோம்: ஆக்கநிலையிறுத்தம் செய்முறை

ஆக்கநிலையிறுத்தம் (conditioning) என்ற சொல்லைக் கண்டே பி.எட். மாணவர்கள் பலர் மிரள்கிறார்கள். ஒன்றை இன்னொன்றோடு இணைத்துப் பழக்கி, நடத்தையை மாற்றுவதுதான் அது. ஒரு நாயும் சில்வர் டம்ளரும் டீக்கடைப் பொறையும் இருந்தால் அதன் பொருளைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். சேலம் கன்னங்குறிச்சியில் எங்கள் வீட்டு நாயிடம் நான் செய்து பார்த்த முறை இது.

முதலில், பொறையை நகமளவுத் துண்டுகளாக உடைத்து, ஓசையெழுப்பாத துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தீனியைக் கண்டு நாய்க்கு எச்சில் ஊறுவது இயற்கைத் துலங்கல், அதாவது தானாகவே வரும் எதிர்வினை. அதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. டம்ளர் ஓசையோ இப்போதைக்கு வெறும் ஓசை.

அடுத்து, டம்ளரைக் கரண்டியால் ஒருமுறை தட்டி, ஓரிரு நொடிக்குள் ஒரு துண்டைக் கொடுங்கள். ஓசை முந்த வேண்டும், தீனி பிந்த வேண்டும். வரிசை மாறினால் நாய் அநேகமாக எதையும் கற்காது, ஏனெனில் தீனி வரப்போவதை முன்கூட்டி அறிவிக்கும் தூண்டலுக்கே மதிப்பு. நான் சறுக்கியதும் இங்கேதான். துண்டுகளைக் காகிதப் பொட்டலத்தில் வைத்திருந்ததால், தட்டுவதற்கு முன்பே கை அதற்குள் போய்விடும். நான்காம் நாள் டம்ளரைத் தட்டினேன். படுத்திருந்த நாய் அசையவில்லை. காகிதம் சரசரத்ததும் இரண்டு காதுகளும் விறைத்து நின்றன. நாய் ஒழுங்காகத்தான் கற்றிருந்தது, நான் நடத்திய பாடம்தான் வேறு. செரிமான ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்ற ரஷ்ய அறிஞர் இவான் பாவ்லோவ், தீனி வாய்க்கு வருமுன்பே தம் ஆய்வுக்கூட நாய்கள் எச்சில் வடித்ததைக் கவனித்தே ஆக்கநிலையிறுத்த ஆராய்ச்சிக்குள் நுழைந்தார்.

சில நாள் இப்படிப் பழக்கியபின் தீனியின்றித் தட்டுங்கள். நாய் நாக்கைச் சுழற்றினால், அது ஆக்கநிலைத் துலங்கல், அதாவது பழக்கத்தால் வந்த எதிர்வினை. தீனியே தராமல் தட்டிக்கொண்டிருந்தால் அது மெல்ல மறையும். ஓய்வுக்குப்பின் தட்டினால் ஓரளவு மீண்டும் தலைகாட்டும்.

இனி, நாய் அருகில் வந்தால் மட்டுமே துண்டு கிடைக்கட்டும். செயலின் விளைவே செயலை வலுவூட்டும் இம்முறையை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்கரான ஸ்கின்னர். தொடக்கத்தில் ஒவ்வொரு முறையும் கொடுங்கள்; பழகியபின் எப்போதாவது கொடுத்தால் போதும், பழக்கம் முன்னிலும் உறுதியாகும். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகள் காத்திருப்பதும் இக்கணக்கில்தான்; எல்லா வண்டியிலிருந்தும் பழம் விழுவதில்லை, ஏதோ ஒன்றிலிருந்து விழுகிறது.

சாப்பாட்டுத் தட்டருகே நாய் கெஞ்சுவதை நிறுத்தவும் இதே விதி உதவும். கொடுப்பதை அடியோடு நிறுத்துங்கள். முதலில் குரைப்பு கூடும், பிறகு தணியும். குரைப்பு உச்சத்தில் இருக்கும்போது பாட்டி மனமிரங்கி ஒரு இட்லித் துண்டைப் போட்டுவிட்டால், இன்னும் உரக்கக் குரைக்கவே நாய் கற்கும். ஆகவே பாட்டியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.