கார் சீட்டுக்குள் இடுப்புக் காற்றுப்பை: இரண்டு முறை பிரித்துக் கற்றது

சென்னையிலிருந்து திருநெல்வேலி 600 கிலோமீட்டருக்கு மேல். எனக்கு விழுப்புரம் தாண்டும்போதே இடுப்பு கடுக்கத் தொடங்கிவிடும். சீட்டின் மேல் கட்டும் வலை மெத்தைகள் இரண்டு வாங்கிப் பார்த்தேன். ஏறி இறங்கும்போதெல்லாம் நழுவுகின்றன. கடைசியில் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிக்கும் பை ஒன்றை வாங்கி சீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

முதலில் ஒன்று. சீட்டின் பக்கவாட்டில் ‘ஏர்பேக்’ என்று சின்னப் பட்டை தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த வேலை நமக்கு வேண்டாம். விபத்தில் அந்தப் பை சீட்டின் தையலைப் பிளந்துகொண்டு வெளியே வர வேண்டும். அங்கே நாம் கைவைக்கக் கூடாது.

இனி, நான் சறுக்கிய இடம்: உயரம். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பெல்ட் வரை அளந்தேன், 6 அங்குலம். அதே 6 அங்குலத்தைக் காலியான கார் சீட்டில் குறித்துப் பையை வைத்தேன். ஓட்டிப் பார்த்தால் விலா எலும்புக்குக் கீழே குத்துகிறது. மர நாற்காலி அமுங்காது, கார் மெத்தை நாம் உட்கார்ந்ததும் 2 அங்குலம் அமுங்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. அதனால் காரிலேயே, பின்பக்கம் சாய்மானத்தை முட்டும்படி உட்காருங்கள். வேறொருவரை விட்டு பெல்ட் உயரத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். பையின் கீழ் விளிம்பு அந்தக் கோட்டில் வர வேண்டும். துண்டைச் சுருட்டி அந்த உயரத்தில் கட்டி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சீட்டைப் பிரிப்பது இன்னும் நல்லது.

சரி, பிரிப்போம். சீட்டை முன்னால் தள்ளிவிட்டுப் பின்சீட்டில் உட்காருங்கள். சாய்மானத்தின் அடியில் உறையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொக்கிப் பட்டையை அழுத்தித் திருகினால் கழன்றுவிடும். திருப்புளியால் நெம்பாதீர்கள், உறை கிழியும். கார் உள்பாகம் கழற்றும் பிளாஸ்டிக் நெம்பி மலிவாகக் கிடைக்கிறது, அதுதான் என் கட்சி.

பையை ஃபோமுக்கும் ஸ்பிரிங் கம்பிகளுக்கும் நடுவில் வையுங்கள். ஃபோமுக்கு முன்னால் வைத்தால் விளிம்பு முதுகில் உறுத்தும். கம்பி பையைக் குத்தாமலிருக்க இடையில் தடித்த ரெக்ஸின் துண்டு ஒன்று. பையின் இரு காதுகளையும் கேபிள் டையால் பக்கச் சட்டத்தில் கட்டுங்கள். வெட்டிய நுனி பைப் பக்கம் பார்க்கக் கூடாது.

டியூபை சாய்க்கும் கீல் பக்கம் விடாமல், கொஞ்சம் தொய்வாகக் கொண்டுவந்து கைக்கு எட்டும் இடத்தில் பந்தை வையுங்கள். உறையை மூடும் முன் காற்றடித்து, சீட்டை முழுக்கச் சாய்த்து நிமிர்த்துங்கள். டியூப் எங்காவது நசுங்கினால் இப்போதே தெரியும். காற்றோடு ஓர் இரவு அப்படியே வைத்து, இறங்கவில்லை என்று பார்த்துவிட்டு மூடலாம்.

பின்சேர்க்கை: வெயிலில் நிறுத்திய பிறகு பை கல்லாகிவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். சூட்டில் காற்று விரிகிறது, அவ்வளவுதான். காரைவிட்டு இறங்கும்போது பந்தின் காற்றுத் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று: காரை வீட்டில் இருவர் ஓட்டினால், மேலும் கீழுமாக இரண்டு பை, இரண்டு பந்து உள்ளதை வாங்குங்கள். என் மனைவி என்னைவிட அரை அடி குட்டை. என் உயரத்துக்கு வைத்த பையில் அவர் இன்றுவரை காற்றே அடிப்பதில்லை.