கடைத் திருட்டைக் குறைக்க முதலில் செய்யவேண்டியது

கடையில் பொருள் காணாமல் போனால் உடனே கேமரா வாங்க ஓடாதீர்கள். நடந்ததைக் கேமரா பதிவுசெய்யும். அதைப் பார்க்க ஆள் இல்லாவிட்டால் கை நீள்வதைத் தடுக்காது.

உள்ளே வரும் ஒவ்வொருவரையும் முகம் பார்த்து "வாங்க, என்ன வேணும்?" என்று கேளுங்கள். திருட வந்தவருக்குத் தன்னை யாரும் கவனிக்கக் கூடாது. அந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. நல்ல வாடிக்கையாளருக்கோ அது உபசரிப்பு. சந்தேகத்தோடு பின்னாலேயே நடப்பது வேறு, அது எல்லோரையும் புண்படுத்தும்.

அப்புறம் அடுக்குகள். கல்லாவிலிருந்து பார்வை மறையாதபடி நடு அடுக்குகளைத் தோள் உயரத்துக்குள் வையுங்கள். மறைவான மூலைக்குக் குவியாடி, அதாவது வெளிப்பக்கம் புடைத்த கண்ணாடி, போதும். பிளேடு, வாசனைத் திரவியம், பேட்டரி போன்ற சின்ன, விலை கூடிய பொருட்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எதையும் முன்வரிசையில் இடைவெளி இல்லாமல் அடுக்குங்கள், ஒன்று குறைந்தாலும் கண்ணில் படும்.

பொருளில் மாட்டும் அலாரம் டேக் நல்லதுதான், அதை நீக்காமல் வெளியே கொண்டுபோனால் வாசலில் அலாரம் ஒலிக்கும். ஆனால் உலோகத் தாள் ஒட்டிய பை அதை ஏமாற்றிவிடும். அலாரம் அடித்தாலும் உடனே திருடன் என்று முடிவுகட்டாதீர்கள், கல்லாவில் டேக்கை நீக்க மறந்திருக்கலாம். யாரையும் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம்.