புது ஊரில் குடும்பம் நடத்தும் மெஸ்ஸைக் கண்டுபிடிப்பது எப்படி

வங்கி வேலையில் இருப்பவர்களுக்குச் சில வருடங்களுக்கு ஒரு முறை ஊர் மாறும். நான் திருநெல்வேலிக்காரி. காரைக்குடி, நாகர்கோவில் எல்லாம் பார்த்துவிட்டு இப்போது ஈரோட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குப் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வேலை, பெண் ப்ளஸ் டூ படிக்கிறாள். அதனால் இங்கே நான் மட்டும், ஓர் அறை, ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. காலையில் தோசை ஊற்றிக்கொள்வேன். மத்தியானமும், கணக்கு முடிக்க நேரமாகிவிடும் ராத்திரிகளிலும் வெளிச்சாப்பாடுதான்.

என்றைக்கோ ஒரு நாள் வெளியே சாப்பிடுகிறவர் ருசியைத் தேடலாம். தினமும் சாப்பிடுகிறவருக்கு மறுநாள் காலை வயிறு ஒழுங்காக இருக்க வேண்டும். அதற்கு நான் நம்புவது ஒன்றைத்தான்: முதலாளி வீட்டு ஆட்கள் நமக்குப் பரிமாறும் அதே பாத்திரத்திலிருந்து அள்ளிச் சாப்பிடுகிறார்களா? அப்படிப்பட்ட கடையைத் தேடுவதுதான் வேலை.

குடும்பம் ஆரம்பித்த கடை வேறு, குடும்பம் நடத்துகிற கடை வேறு. ஜூனியர் குப்பண்ணா 1960-ல் இதே ஈரோட்டில் ஒரு தம்பதி தொடங்கிய சின்ன மெஸ்தான். இன்று பல ஊர்களில் கிளைகள். பெருந்துறைப் பக்கம் சீனாபுரத்தில் இருக்கும் யூபிஎம் நம்ம வீட்டுச் சாப்பாட்டுக்கு வெளியூரிலிருந்து காரில் வந்து காத்திருந்து சாப்பிடுகிறார்கள். விருந்தாளி வந்தால் அழைத்துப் போக அவை நல்ல இடங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் இருபது நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு கவுண்டருக்குத் திரும்ப வேண்டியவளுக்கு அவை உதவாது. எனக்கு வேண்டியது நடந்து போகிற தூரத்தில், ஊருக்கு வெளியே யாருக்கும் பெயர் தெரியாத கடை.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பாதி வேலை முடிகிறது. கேள்வியும் முக்கியம். "இங்க நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் எந்த ஊரிலும் ஒரே மாதிரி பதில்தான்: ஏசி உள்ள, கார் நிறுத்த இடமுள்ள பெரிய கடை. நம் மேல் உள்ள மரியாதையில் சொல்கிற பதில் அது. "வீட்ல சமைக்காத அன்னிக்கு நீங்க எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள், பதில் மாறிவிடும்.

எங்கள் கிளையில் நான் இதை முதலில் கேட்டது நகை மதிப்பீட்டாளரிடம். அதிகாரிகள் வருவோம், போவோம். அப்ரைசர் அந்த ஊர்க்காரராகவே இருப்பார், எந்தத் தெருவில் யார் என்ன செய்கிறார் என்பதெல்லாம் தெரிந்திருக்கும். "பெரிய ஓட்டலெல்லாம் ஒரம்பரை வந்தாத்தானுங்க மேடம். நமக்கு இந்தச் சந்துக்குள்ளயே ஒரு அக்கா கடை இருக்குதுங்க, பன்னண்டரைக்குப் போயிருங்க, ரெண்டு மணிக்குக் கொழம்பு தீந்துரும்" என்றார். (ஒரம்பரை என்றால் வீட்டுக்கு வரும் உறவினர், விருந்தாளி.) தூரம், நேரம், யார் நடத்துகிறார்கள் எல்லாம் அந்த ஒரு பதிலில் இருந்தது.

உங்கள் அலுவலகத்தில் அப்ரைசர் இருக்க மாட்டார். ஆனால் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் எங்கேயும் இருப்பார்: கடைநிலை ஊழியர், வாட்ச்மேன், பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். அவர்களுக்கு அடுத்தபடியாக, கடைகளுக்குப் பொருள் போடுகிறவர்கள். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவரை யாரும் இதற்குப் பயன்படுத்துவதில்லை. நம் வீட்டுக்கு வருவது 14.2 கிலோ சிலிண்டர். ஹோட்டலுக்குப் போவது 19 கிலோ. எந்தச் சந்தில், எந்த வீட்டின் பின்பக்கத்துக்கு 19 கிலோ உருண்டு போகிறது என்று அவருக்குத் தெரியும். வாழை இலை மொத்தமாக விற்பவரிடம் கேட்டால், தினமும் கட்டு எடுக்கிற சின்னக் கடைகளைச் சொல்வார். அசைவம் சாப்பிடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேட்காமல் வார நாளில் கறிக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கலாம். மெஸ்ஸுக்கு வாங்க வருவது யார், வீட்டுக்காரம்மாவே வந்து பார்த்து வாங்குகிறாரா, போனில் சொல்லி அனுப்பச் சொல்கிறாரா என்பது அவர் வாயிலிருந்து தானாக வரும். பஸ் ஸ்டாண்ட் ஆட்டோவிலும் லாட்ஜ் வரவேற்பிலும் கேட்கவே வேண்டாம்.

ஒரு தடவை என் தோழி கேட்டாள்: மெஸ்காரர்களின் கணக்கெல்லாம் உன் கம்ப்யூட்டரிலேயே இருக்குமே, எதற்கு இவ்வளவு அலைச்சல் என்று. வாடிக்கையாளர் கணக்கை என் வயிற்றுக்காகத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் முத்ரா கடன் கேட்டு வரும் சின்னக் கடைக்காரர்களோடு உட்கார்ந்து வரவு செலவு போட்டதில் பொதுவாக ஒன்று புரிந்தது. கடைக்குப் பெரிய பாரம் அரிசியோ எண்ணெயோ அல்ல, ஆள் கூலி. அதிலும் பரோட்டா மாஸ்டர் கூலி. குடும்பம் மட்டும் நின்று நடத்தும் கடையில் அதனால்தான் அநேகமாகப் பரோட்டா இருக்காது. இட்லி, தோசை, சாப்பாடு, ஞாயிறு என்றால் பிரியாணி, அவ்வளவுதான். "இன்னிக்கு மாஸ்டர் வரலைங்க, தோசை இல்லை" என்று ஒரு கடையில் சொன்னால் அடுப்படி வீட்டு ஆளிடம் இல்லை என்று அர்த்தம். தெற்கே இந்தக் கணக்கு செல்லாது. தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கம் முதலாளியே கல்லில் நின்று பரோட்டா போடும் கடைகள் உண்டு.

போனில் தேடுவது தப்பில்லை, தேடும் விதம் வேறு. ஆங்கிலத்தில் ரெஸ்டாரண்ட் என்று அடித்தால் விளம்பரம் கொடுக்கத் தெரிந்த கடைகள்தான் மேலே வரும். 'மெஸ்', 'டிபன் சென்டர்', 'சாப்பாட்டுக் கடை' என்று தமிழில் அடித்துப் பாருங்கள். நட்சத்திரத்தை விட்டுவிட்டுப் படங்களுக்குப் போங்கள், அதிலும் சாப்பிட்டவர்கள் எடுத்த படங்களுக்கு. இலையில் கூட்டு, பொரியல் நாளுக்கு நாள் மாறுகிறதா, ஒரே முட்டைக்கோஸ்தானா? விமர்சனங்களில் 'அந்த அக்கா', 'தாத்தா' என்று யாராவது எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளலாம். அங்கே போட்டிருக்கும் திறக்கும் நேரத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

பணம் கட்டும்போது போனே இன்னொரு தகவலும் தரும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ததும் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். பலகையில் ஏதோ ஒரு சாமி பெயரில் மெஸ். திரையில் ஒரு பெண்ணின் பெயர். கல்லில் தோசை திருப்பிக்கொண்டிருப்பவரை யாரோ அதே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பலகையில் எழுதியிருப்பது சான்றே ஆகாது. 'வீட்டுச் சாப்பாடு', 'பாட்டி கைமணம்', 'பாரம்பரியச் சுவை' என்று எழுதப் பெயிண்டருக்குக் காசு கொடுத்தால் போதும். நான் பார்ப்பது கதவில் ஒட்டியிருக்கும் தாள். 'குலதெய்வம் கோவிலுக்குச் செல்வதால் இரண்டு நாட்கள் கடை விடுமுறை' என்று கையால் எழுதியிருந்தால் அன்று பட்டினி கிடந்தாலும் சந்தோஷமாகத் திரும்புவேன். சம்பள ஆட்கள் நடத்தும் கடை யாருடைய குலதெய்வத்துக்காகவும் மூடாது. மற்ற அடையாளங்கள் சின்னச் சின்னவை: கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்கூல் பை, மாலை போட்ட தாத்தா படம், ஓரமாக உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிக்கும் பெரியம்மா, பரிமாறுகிற பையனை "டேய்" போட்டு அதட்டும் குரல்.

சந்தேகம் இருந்தால் ஒரு நாள் இரண்டே முக்காலுக்குப் போய்ப் பாருங்கள். கூட்டம் வடிந்து, கடைசி மேஜையில் வீட்டு ஆட்கள் சாப்பிட உட்காரும் நேரம் அது. நமக்கு ஊற்றிய குழம்பையே அவர்களும் ஊற்றிக்கொள்கிறார்களா, தங்களுக்கென்று தனித் தூக்கிலிருந்து எடுக்கிறார்களா? நான் மேலே சொன்ன பாத்திரக் கணக்கு அங்கேதான் தெரியும்.

காகிதங்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், தொழில் புத்தி விடாது. சுவரில் உணவுப் பாதுகாப்புச் சான்றிதழ் மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். 1-ல் தொடங்கினால் உரிமம், 2-ல் தொடங்கினால் சிறு கடைகளுக்கான பதிவு. உரிமையாளர் பெயரும் முகவரியும் அதிலேயே இருக்கும். பில்லில் ஜிஎஸ்டி வரி தனியாகப் போடவில்லை என்றால் உடனே ஏய்ப்பு என்று நினைக்காதீர்கள். வருட விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருக்கும் உணவகங்கள், விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகத் தாங்களே கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம். சேர்ந்தவர்கள் நம்மிடம் வரியைத் தனியாக வசூலிக்கவே கூடாது. அதைவிடச் சின்னக் கடைகள் பல ஜிஎஸ்டி பதிவு வரம்புக்குள்ளேயே வராது.

முதல் நாள் என்ன சாப்பிடுவது? ஸ்பெஷல் எதையும் கேட்காதீர்கள். சாதாரணச் சாப்பாடு சொல்லிவிட்டு ரசத்துக்காகக் காத்திருங்கள். குழம்பில் மசாலாவை அள்ளிப் போட்டு ஏமாற்றலாம், ரசத்தில் முடியாது. அன்றைக்குத் தட்டிய மிளகும் சீரகமும் மூக்குக்குத் தெரியும். நேற்றைய ரசத்தில் இன்றைய தண்ணீரை ஊற்றியிருந்தால் நாக்குக்குத் தெரியும். அடுத்து மோர். புளித்த மோருக்கு உப்பு அள்ளிப் போட்டிருந்தால் நான் மறுபடி போவதில்லை.

இரண்டாம் முறை, அந்த ஊர் வீடுகளில் மட்டும் செய்கிற ஒரு பண்டத்தைக் கேட்டுப் பாருங்கள். இது ஊருக்கு ஊர் மாறும். ஈரோட்டில் கொள்ளுப் பருப்பு, செலவு ரசம், அரிசிம்பருப்பு சாதம். நாகர்கோவிலில் மரச்சீனிக்கிழங்கு, மீன் புளிமுளம், தீயல். காரைக்குடியில் வெண்டைக்காய் மண்டி, உப்புக்கறி. எங்கள் திருநெல்வேலிக்கு வந்தால் சொதி, உளுந்தம்பருப்புச் சோற்றுக்கு எள்ளுத் துவையல். மெனுவில் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பெரும்பாலும் இருக்காது. "கொள்ளுப் பருப்பு என்னிக்கு வைப்பீங்க?" என்று கேளுங்கள். "வெள்ளிக்கிழமை வாங்க" என்றோ "நாளைக்கு வெச்சுத் தர்றனுங்க" என்றோ பதில் வந்தால் அடுப்பு யார் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். சர்வர் விழித்துவிட்டு மெனு கார்டை நீட்டினால், அது வேறு வகைக் கடை. 'செட்டிநாடு' என்று பலகை போட்ட கடைகளைப் பற்றி என் கருத்து: காரைக்குடியிலிருந்து எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு காரம் கூடும். அங்கே இருந்தபோது வீடுகளில் நான் சாப்பிட்டது வயிற்றை எரித்ததே இல்லை.

குழம்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற கடை நல்ல கடை. அளவாக வைத்து, தீர்ந்ததும் மூடுகிறார்கள். எத்தனை மணிக்குப் போனாலும் பதினெட்டு வகையும் இருக்கிற கடையில் ஃப்ரீசர் பெரிதாக இருக்கும்.

தனியாகச் சாப்பிடப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய ஹோட்டலில் ஒற்றை ஆளைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மேஜையில் தள்ளிவிடுவார்கள். வீட்டுப் பெண்கள் நிற்கிற மெஸ்ஸில் "இங்க உக்காருங்க கண்ணு" என்று கல்லாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கும். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த இடம் பெரிய நிம்மதி. புதுக் கடைக்கு முதல் முறை போவதை எப்போதும் மத்தியானத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை பிடித்துவிட்டதென்றால் அவர்கள் நாட்காட்டியையும் தெரிந்துகொள்ள வேண்டும். புரட்டாசியில் அசைவ மெஸ்கள் பல சைவத்துக்கு மாறும், சில மூடியே விடும். பங்குனியில் பெரிய மாரியம்மன் கோவிலில் கம்பம் நட்டு, மஞ்சள் நீராட்டு வரும் நாட்களில் ஈரோட்டுக் கடைவீதியில் சாப்பாடு தேடுவது சிரமம். வாரா வாரம் திங்கள் ராத்திரியும் செவ்வாயும் ஜவுளிச் சந்தை. அன்றைக்கு அந்தப் பக்க மெஸ்களில் வெளியூர் வியாபாரிகள் நிறைந்திருப்பார்கள். நான் செவ்வாய்க்கிழமைகளில் பன்னிரண்டேகாலுக்கே போய்விடுவேன், அல்லது தூக்குப் பாத்திரத்தைக் காலையிலேயே கொடுத்துவிட்டுப் போவேன்.

பாத்திரம் கொடுப்பது பார்சலைவிட நல்லது. பிளாஸ்டிக் உறையில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பார் கட்ட வேண்டியதில்லை, அளவும் தாராளமாக விழும். மாதக் கணக்கு வைக்கலாமா என்று முதல் வாரமே கேட்காதீர்கள். கொஞ்ச நாள் ரொக்கமாகவோ ஜிபேயிலோ கொடுத்து முகம் பழகட்டும். அவர்களே ஒரு நோட்டை எடுத்து உங்கள் பெயரை எழுதுவார்கள். எந்த நாள் வரமாட்டீர்கள் என்பதை முந்தின நாளே சொல்லிவிடுங்கள், அரிசி அளவு அதைப் பொறுத்தது. சில்லறை கொண்டு போங்கள், பத்து ரூபாய் நாணயத்தையும் சேர்த்து. அது செல்லாது என்று கல்லாவில் இருக்கும் பெரியவர் தள்ளினால், செல்லும், எந்த வங்கியிலும் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லுங்கள். எங்கள் கிளைக்கே அனுப்பி வையுங்கள், நான் மாற்றித் தருகிறேன்.